புற்றுநோய் மருத்துவரை மாற்றுதல்: ஓமலூரிலிருந்து ஒரு பார்வை

1. கேள்வி

புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் மருத்துவரை மாற்றும் குடும்பங்கள் செலவு, தூரம், கட்டி கரையாமை என்று பல காரணங்களைச் சொல்கின்றன. இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு குறையும் உண்டு: "டாக்டர் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு." மருத்துவமனைப் பதிவேட்டில் இந்தக் குறை ஏறுவதில்லை. நோயாளி அடுத்த தவணைக்கு வராவிட்டால், தொடர் சிகிச்சைக்கு வரவில்லை என்ற ஒரு வரியோடு கணக்கு முடிகிறது. பேச்சில் உள்ள குறைக்காக மருத்துவரை மாற்றுவது மருத்துவ நோக்கில் தகுமா, மாற்றினால் அந்தக் குறை தீருமா என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி.

இதை ஆராய ஓமலூர் ஏற்ற இடம். சேலத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையிலும் ரயில் பாதையிலும் அமைந்த வட்டத் தலைநகர் அது. ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் கீமோவுக்கோ, மக்கள் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சுக்கோ வெளியூர்தான் போயாக வேண்டும். முதலில் நினைவுக்கு வருவது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதை விட்டால் சேலம், ஈரோடு, கோவைத் தனியார் மருத்துவமனைகள். வடக்கே பெங்களூருவில் 1973-இல் தொடங்கப்பட்ட கித்வாய் புற்றுநோய் நிலையமும், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகச் சென்றால் வேலூர் சி.எம்.சி.யும் உள்ளன. இரவு ரயிலேறினால் சென்னையில் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை.

வழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெருநகரவாசி மருத்துவரை மாற்றும்போது சில வேளை அதே கட்டடத்தின் அடுத்த அறைக்குப் போனால் போதும். ஓமலூர்க்காரர் ஊரையே மாற்ற வேண்டும். பெங்களூருவுக்குப் போனால் பேசும் மொழியும் மாறிவிடும். நன்றாகப் பேசும் மருத்துவரைத் தேடிப் போகிறவர், தன் மொழியிலேயே பேச முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்வதும் நடக்கிறது. ஆகவே மருத்துவரை மாற்றும் உரிமை பற்றிய பொதுப் பேச்சு இவ்வூருக்கு அப்படியே பொருந்தாது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

ஊர்வழக்கில் மருத்துவரை எடைபோடும் அளவுகோல் கைராசி. ராசி இல்லையென்றால் ஆளை மாற்றலாம். சந்தையில் கடை மாறி வாங்குவதற்கு யாரும் கோபித்துக்கொள்ளாதது போல, காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் இந்த மாற்றம் இயல்பாக நடக்கிறது. புற்றுநோய் என்றதும் அந்தத் தாராளம் போய்விடுகிறது. பெரிய டாக்டர் கோபித்துக்கொள்வார், ஃபைலைக் கொடுக்க மாட்டார், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்ற அச்சம் புகுந்துவிடுகிறது. மாறுவதை நன்றிகெட்ட செயலாகக் கருதும் மனப்போக்கும் உண்டு. இலவசமாகச் சிகிச்சை பெற்றவரிடம் இது இன்னும் அழுத்தமாக இருக்கும்.

மருத்துவத் துறை இந்தச் சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகியது. அதன் கேள்வி, நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது. 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் டொனால்ட் ஓக்கன் 219 மருத்துவர்களிடம் விசாரித்தபோது, பத்தில் ஒன்பது பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். 1979-இல் டென்னிஸ் நோவாக்கும் மற்றவர்களும் அதே கேள்வியைக் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் மாறியது அமெரிக்கர்களின் மனம் மட்டுமன்று. சிகிச்சை முறைகள் பெருகின. நோயாளியின் ஒப்புதல் சட்டத் தேவையாயிற்று. நோயை மறைப்பது நம் பண்பாடு என்று தமிழ்நாட்டில் சொல்லப்படும் வாதத்தை இந்தப் பின்னணியில் வைத்தே எடைபோட வேண்டும். பண்பாடு என்று பெயர் பெறுவதில் ஒரு பங்கு, சிகிச்சை இல்லாத காலத்தின் மிச்சம். தமிழ்த் திரைப்படமும் அதற்குத் துணை நின்றிருக்கிறது. 1982-இல் வந்த 'வாழ்வே மாயம்' படத்தில் நாயகன் இரத்தப் புற்றுநோயைக் காதலியிடமிருந்து மறைத்து அவளை விலக்குகிறான். அந்த மறைப்பு அங்கே அன்பின் உச்சமாகக் காட்டப்படுகிறது.

தமிழ்நாட்டுக் களத்திலிருந்து எழுதியவர்களில் மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் முக்கியமானவர். மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஆளான ஏழைப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், அவரது ஆய்வின் மையம். 2018-இல் வெளிவந்த கட்டுரையிலும் 2022-இல் வெளிவந்த நூலிலும், நோயைச் சொல்வதா மறைப்பதா என்பதை உரிமைக்கும் பண்பாட்டுக்குமான மோதலாகச் சுருக்குவது போதாது என்று வாதிடுகிறார். டெல்லி ஏழைக் குடும்பங்களிடையே ஆய்வு செய்த த்வைபாயன் பானர்ஜி 2020-இல் வெளியிட்ட நூலும், மறைப்பை வெறும் அறியாமையாகப் பார்க்காமல், குடும்பம் நோயோடு வாழக் கண்டுபிடித்த ஒரு வழியாகப் பார்க்கிறது.

இந்த ஆய்வுகளின் மதிப்பு பெரிது. ஆயினும் பொதுவாக இத்துறை எழுத்துகளின் கவனம் ஒரே தருணத்தில், நோயின் பெயரை முதன்முதலாக அறிவிக்கும் தருணத்தில், குவிந்துவிடுகிறது. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ராபர்ட் பக்மனும் வால்டர் பெய்லும் பிறரும் 2000-இல் வகுத்து உலகெங்கும் கற்பிக்கப்படும் ஆறு படி முறையும் அந்த உரையாடலுக்கானதே. மருத்துவரை மாற்றத் தூண்டும் குறைகளோ பெரும்பாலும் அதற்குப் பிறகு வருபவை: எத்தனை ஊசி பாக்கி, ஏன் தேதி தள்ளிப்போனது, வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது, வேலைக்குப் போகலாமா.

3. பேச்சும் சிகிச்சையும்

நன்றாகப் பேசுவது மருத்துவரின் குணநலன் மட்டுமே என்றால், அதற்காகச் சிகிச்சையைக் கலைப்பது மிகையானது. அது சிகிச்சையின் உறுப்பு என்றால் கதை வேறு. சான்றுகள் இரண்டாவதற்கே வலுச் சேர்க்கின்றன. நியூயார்க்கில் ஈதன் பாஷ் குழுவினர் நடத்தி 2017-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 766 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினி வழியே அவ்வப்போது தெரிவித்தனர். கடுமையான உபாதை பதிவானால் செவிலியருக்குத் தகவல் போயிற்று. அவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 26 மாதம். புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை. நோயாளி சொன்னது உரிய காதுக்குப் போனது மட்டுமே வேறுபாடு.

இதை ஓமலூர் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சலாகக் கருதத்தக்கதன்று. மருத்துவமனைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும். தாமதித்தால் இரத்தத்தில் கிருமி பரவி உயிர் போகலாம். காடையாம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் குடும்பம் என்ன செய்யும் என்பது, பத்து நாட்களுக்கு முன் கீமோ அறையில் யாராவது என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. சொல்லியிருந்தால் வண்டி பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு பாரசிட்டமால் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைப்பார்கள். அந்த அறிவுரைக்கும் ஒரு தொலைபேசி எண்ணுக்கும் ஆகும் நேரம் இரண்டு நிமிடம். அதைத் தராத மருத்துவமனை, விலையுயர்ந்த மருந்தைத் தந்தும் சிகிச்சையில் ஒரு பகுதியைத் தரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று ஒன்றும் உண்டு. மாற்றத்தை ஆதரிப்போர் அதை அதிகம் பேசுவதில்லை. ஜேன் வீக்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 1,193 பேரிடம், அது நோயைக் குணமாக்குமா என்று கேட்கப்பட்டது. அந்நிலையில் கீமோ நோயைத் தணிக்கலாம், அகற்றுவது அரிது. ஆனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் நுரையீரல் நோயாளிகளில் 69 விழுக்காடு, பெருங்குடல் நோயாளிகளில் 81 விழுக்காடு. தங்கள் மருத்துவர் மிக நன்றாகப் பேசுகிறார் என்று மதிப்பெண் தந்தவர்களிடமே தவறான நம்பிக்கை கூடுதலாக இருந்தது.

இந்த ஒரு முடிவு விவாதத்தையே திருப்பிப் போடுகிறது. நோயாளிக்கு மனநிறைவு தரும் பேச்சும் அவருக்கு விளக்கம் தரும் பேச்சும் ஒன்றல்ல. "டாக்டர் சரியாப் பேசல" என்ற முறையீட்டுக்குள் வெவ்வேறு குறைகள் அடங்கியிருக்கின்றன. கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பது ஒன்று. உபாதை வந்தால் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்பது இன்னொன்று. கிடைத்த பதில் பிடிக்கவில்லை என்பதும் இதே சொற்களில்தான் வருகிறது. முதல் இரண்டுக்காக மாறுவதில் மருத்துவ நியாயம் இருக்கிறது. மூன்றாவதற்காக மாறுகிறவர், தான் கேட்க விரும்புவதைச் சொல்லும் ஒருவரைக் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஆறுதலுக்கான விலையையும் பிறகு கொடுப்பார்.

4. 'நம்ம டாக்டர்' என்று ஒருவர் இருக்கிறாரா

மருத்துவரை மாற்றுவது என்ற பேச்சே, ஒரு நோயாளிக்கு ஒரு மருத்துவர் என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளி ஒரு பிரிவுக்கு, அதாவது யூனிட்டுக்கு, உரியவர். இன்று சீட்டில் எழுதுபவர் பட்டமேற்படிப்பு மாணவராக இருக்கலாம். அடுத்த தவணையில் உதவிப் பேராசிரியர். அதற்கடுத்து முற்றிலும் புதியவர். சிகிச்சைத் திட்டம் கோப்பில் தொடர்கிறது. உரையாடல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. இங்கே மாற்றுவதற்கு ஒரு மருத்துவர் இல்லை. மாற்றுவதானால் மருத்துவமனையைத்தான் மாற்ற வேண்டும்.

தனியார் துறையில் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இருக்கிறது. ஆனால் நடுத்தர நகர மருத்துவமனைகள் பலவற்றில் அவர் வாரத்தில் குறித்த நாட்களில் வெளியூரிலிருந்து வந்து போகிறவர். அவர் வராத நாட்களில் காய்ச்சலைப் பார்ப்பவர் பணிமருத்துவர். அவருக்கு அந்த நோயாளியைப் பற்றித் தெரிந்தது கோப்பின் முதல் பக்கம் மட்டுமே.

நேரம் இன்னொரு தடை. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல்நிலைச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரத்தை வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம் என்று காட்டியது. இந்தியாவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அது புற்றுநோய்ப் பிரிவுக்கான கணக்கன்று. ஆனால் காலை எட்டு மணிக்கே வரிசை வளைந்து நிற்கும் பிரிவில் நிலைமை பெரிதாக வேறுபடக் காரணமில்லை. பேச விரும்பும் மருத்துவரையும் அந்த வரிசை பேசவிடுவதில்லை. எனவே குறை ஆளிடமா ஏற்பாட்டிலா என்று பிரித்தறிவது, மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. ஏற்பாட்டின் குறைக்காக ஆளை மாற்றினால், அதே ஏற்பாடு உள்ள இன்னொரு மருத்துவமனையில் அதே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்.

பயிற்சியின் நிலையும் சொல்லத்தக்கது. மருத்துவர் நோயாளியோடு பேசும் முறை இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறவியல், தகவல்தொடர்பு என்ற கட்டாயப் பகுதியாக இடம்பெற்றது 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து. அவர்கள் பட்டம் பெற்று, மூன்றாண்டு எம்.டி.யும் மூன்றாண்டு டி.எம்.மும் முடித்து மருத்துவப் புற்றுநோயியல் வல்லுநர்களாக அமர 2030-களாகும். இன்று நாற்காலியில் இருப்பவர்கள் பேசக் கற்றது தங்கள் ஆசிரியர்களைப் பார்த்துத்தான். நல்ல ஆசிரியர் வாய்த்தவர் நன்றாகப் பேசுகிறார்.

5. சட்டம் தருவதும் தராததும்

மாறுவதற்கான உரிமையில் ஐயமில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய, 17 உரிமைகள் கொண்ட நோயாளர் உரிமைச் சாசனம், இரண்டாவது கருத்தைப் பெறும் உரிமையை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. அதைவிட நேரடியாகப் பயன்படுவது இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு தொழில்நடத்தை விதிமுறை. நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது அது. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விதிமுறைகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே தொடர்ந்தன. ஃபைலைக் கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் அதே விதிமுறையில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் ஓட்டை உண்டு. நோயின் கடுமையை மருத்துவர் கூட்டியோ குறைத்தோ சொல்லலாகாது என்று தொடங்கும் விதி, நோயாளி அல்லது உறவினர் அல்லது பொறுப்புள்ள நண்பர்கள் நிலைமையை அறிந்திருப்பதை உறுதிசெய்யச் சொல்கிறது. 'அல்லது' என்று இருப்பதால், மகனிடம் சொல்லிவிட்டுத் தகப்பனிடம் சொல்லாத மருத்துவரும் விதியை மீறியவராக மாட்டார். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கி நோயாளியிடமே ஒப்புதல் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நடைமுறையில் ஒப்புதல் படிவம் நீட்டப்படுவது பெரும்பாலும் உடன்வந்தவரிடம்.

மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1995-இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பு (இவர் அடையாறு டாக்டர் சாந்தா அல்லர்). எல்லோருக்கும் இலவசமாக வழங்கப்படும் சேவையை அத்தீர்ப்பு அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்திற்று. ஆகவே கட்டணம் கட்டியவருக்கு உள்ள வாசல், எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் பொது வார்டில் இருப்பவருக்குத் திறப்பதில்லை. அவர் மேலதிகாரிக்கு மனு எழுதலாம், அல்லது வேறிடம் போகலாம். மருத்துவமனையைப் பொறுத்தவரை அவர் சொல்லாமல் கிளம்புவதே அவர் கொடுத்த புகார். பதிவேடு அதைப் புகாராகப் படிப்பதில்லை.

6. மாற்றத்தின் விலை

மாறுவதற்கு ஆகும் காலம் முதல் செலவு. டிமோத்தி ஹன்னா குழுவினர் 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தாமதமானால் மரண ஆபத்து 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது. நடுவில் நின்றுபோன கதிர்வீச்சு அதைவிட மோசம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முழுவதும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது பொது விதி. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் நீளும் ஒவ்வொரு நாளும் நோய்க் கட்டுப்பாடு ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பதினைந்தாம் நாள் கரண்டோடு மனக்கசப்பில் நிறுத்தி, மூன்று வாரம் கழித்து வேறிடத்தில் தொடங்குகிறவர் இழப்பதை எந்த இனிய பேச்சும் ஈடுசெய்யாது.

மருத்துவரை மாற்றுவதற்கும் இரண்டாவது கருத்துக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. சிகிச்சையை நிறுத்தாமல், தாள்களின் நகலை மட்டும் எடுத்துப்போய் இன்னொருவரின் கருத்தை அறியலாம். பல வேளைகளில் அவரும் அதே சிகிச்சையையே சொல்வார். அப்போது குறை சிகிச்சையில் இல்லை, விளக்கத்தில்தான் என்பது தெளிந்துவிடும். விளக்கம் வேறிடத்தில் கிடைத்துவிட்டதால் பழைய இடத்திலேயே தொடரவும் முடியும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற கட்டங்கள் உண்டு: சிகிச்சை தொடங்கும் முன், அறுவைக்குப் பின் சதைப் பரிசோதனை முடிவு வந்ததும், ஒரு மருந்து வரிசை முடிந்து அடுத்தது தொடங்குமுன்.

அடுத்த செலவு தகவலின் இழப்பு. ஓமலூர்ப் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டிக்கு நிற்கும் நோயாளியின் வீட்டார் கையில் துணிக்கடைப் பை ஒன்று இருக்கும். அதற்குள் ஸ்கேன் படங்கள் பெரிய உறையில் மடங்காமல் இருக்கும். அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காப்பார்கள். பளபளப்பானது, பணம் கட்டி எடுத்தது. கீமோ விவரம் எழுதிய கசங்கிய தாளோ பையின் அடியில் மருந்துச் சீட்டுகளோடு கிடக்கும், அல்லது தொலைந்திருக்கும். புதிய மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள். சிவப்பு நிறத்தில் ஏறும் டாக்சோரூபிசின் மருந்துக்கு வாழ்நாள் வரம்பு உண்டு. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயத் தசை பழுதாகும் வாய்ப்பு வேகமாக உயர்கிறது. முந்தைய இடத்தில் எவ்வளவு ஏறியது என்று தெரியாத மருத்துவர் ஒன்று மருந்தைத் தவிர்ப்பார், அல்லது இருட்டில் ஏற்றுவார். கதிர்வீச்சும் அப்படியே. தண்டுவடம் தாங்கும் அளவு 45 முதல் 50 கிரே (கதிரளவின் அலகு) வரை. எந்த இடத்துக்கு எத்தனை கிரே, எத்தனை நாளில் என்ற சுருக்கம் இல்லாமல் அதே பகுதிக்கு மறுபடி கதிர் செலுத்தத் துணிவது கடினம்.

சதைத் துண்டு மெழுகில் பதிந்த கட்டையும் கண்ணாடிச் சில்லுகளும் ஆய்வகத்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. புதிய மருத்துவமனை அவற்றைத் தன் நோயியல் வல்லுநரிடம் மறுபடி பார்க்கச் சொல்லும். கட்டை கையில் இல்லையென்றால் நோயாளி இன்னொரு முறை ஊசிக் குத்துக்கு ஆளாவார்.

பணமும் கணக்கில் வரும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கும் ஏற்பாட்டில், ஒவ்வொரு சிகிச்சைத் தொகுப்புக்கும் மருத்துவமனை முன் அனுமதி பெற வேண்டும். இடம் மாறினால் புதிய இடம் புதிதாக விண்ணப்பிக்கும். அது திட்டத்தில் உள்ள மருத்துவமனையாகவும் இருக்க வேண்டும். ரயில் பயணத்தில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்பெட்டியிலும் முழுச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடும் உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனைதான் தர வேண்டும். தாரமங்கலம் பக்கத்தில் தறி ஓட்டுபவருக்கு இந்தச் சலுகைகளில் அடங்காத ஒரு செலவும் இருக்கிறது. உடன் போகும் ஆளின் தறியும் அன்று நிற்கும்.

7. கூடவே பயணிக்கும் மௌனம்

மருத்துவரை மாற்றினால் பேச்சு மேம்படும் என்ற எதிர்பார்ப்பு மிக எளிதாகப் பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகனோ மருமகனோ முன்னதாக உள்ளே நுழைந்து, "அப்பாவுக்கு இன்னும் தெரியாதுங்க சார், கட்டின்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்" என்று புதிய மருத்துவரிடம் சொல்வது பழக்கமான காட்சி. முந்தைய மருத்துவர் எதுவும் சொல்லவில்லை என்று குறைபட்டு வந்த அதே குடும்பம், இவரிடமும் அதே வாய்ப்பூட்டைக் கையில் கொடுக்கிறது. மருத்துவர் மாறியும் நோயாளிக்குக் கிடைத்த தகவல் மாறவில்லை.

இந்த உடன்பாட்டு மறைப்பைப் பற்றிச் சந்தோஷ் சதுர்வேதி முதலிய இந்திய உளமருத்துவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தைக் குற்றம் சாட்டுவதால் பயனில்லை. அவர்கள் அஞ்சுவது நோயாளி நொறுங்கிப்போவார் என்றே. ஆனால் அந்த மறைப்புக்கு நடைமுறை விளைவு உண்டு. நோயின் பெயர் தெரியாதவரிடம் காய்ச்சல் எச்சரிக்கையை முழுமையாகச் சொல்ல முடியாது; ஆறு சுழற்சி ஏன் தேவை என்று விளக்க முடியாது; தலைமுடி ஏன் கொட்டுகிறது என்பதற்குக்கூடப் பொய்தான் சொல்ல வேண்டும். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசியே பலர் தம் நோயை அறிந்துகொள்கிறார்கள். அறிந்தபின் வீட்டாரைக் காப்பாற்றத் தெரியாதது போல் இருக்கிறார்கள். இரு பக்கமும் நடிப்பு தொடரும் வீட்டில், நன்றாகப் பேசும் மருத்துவர் நடிப்பைக் கலைப்பவராகவே தெரிவார். அடுத்த மாற்றத்துக்கு அதுவே காரணமாகும்.

இந்த நிலையில் பயன்படக்கூடிய ஒரு வழிமுறை, நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்பது. பக்மன், பெய்ல் முறையின் மூன்றாம் படி அது. "உங்க நோயைப் பத்தி உங்ககிட்டயே பேசட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசினா போதுமா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். "பையன்கிட்டயே சொல்லிடுங்க" என்று நோயாளி சொன்னால் அது அவருடைய முடிவு. அதன்பின் உறவினரிடம் பேசுவது மறைப்பு ஆகாது. ஒப்புதலுக்கும் பண்பாட்டுக்கும் இடையே கட்டப்பட்ட மதில் இந்தக் கேள்வியால் பெருமளவு இறங்கிவிடுகிறது. இரண்டு நிமிட வரிசையிலும் இதைக் கேட்கலாம் என்பது இதன் சிறப்பு.

8. கடைசி மாற்றம்

நோயைக் குணமாக்கும் முயற்சி முடியும் கட்டத்தில் நடக்கும் மாற்றம் தனி வகை. இங்கே மருத்துவரை மாற்றுவது குடும்பமாக இருப்பதில்லை. மருத்துவமனையே "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறது. சொல்வது எவ்வளவு நயமாக இருந்தாலும் கேட்பவர் காதில் கைவிட்டுவிட்டார்கள் என்றே விழுகிறது. குடும்பம் கடன் வாங்கிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் அலைவது இந்த வாரங்களில்தான். ஜெனிஃபர் டெமல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அலைச்சலுக்கு ஒரு மறுமொழி. பரவிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரில், தொடக்கத்திலிருந்தே வலிநிவாரணப் பராமரிப்பும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதமும் மற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தனர். வலிநிவாரணத்தைக் கடைசி நாளில் காட்டும் வாசலாக வைக்காமல், முதலிலிருந்தே இன்னொரு மருத்துவரையும் சேர்த்துக்கொள்வது என்று அமைத்தால், இந்த மாற்றம் மாற்றமாகவே உணரப்படாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டுக்கே வரும் வலிநிவாரணப் பராமரிப்பையும் உள்ளடக்கியது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்திருப்பதை எளிதாக்கியது. ஓமலூர் வட்டாரத்துக் கிராமத்துக்கு வரும் செவிலியருக்குப் பெரிய மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கம் ஒன்றே வழிகாட்டி. வலிமருந்தின் அளவு அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதோடு, நோயாளியிடம் இதுவரை என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரியும் அதில் வேண்டும். இன்றைய சுருக்கங்களில் அந்த வரிக்கு இடம் ஒதுக்கப்படுவது அரிது. ஆகையால் "எனக்கு என்னம்மா நோவு?" என்று நோயாளி கேட்கும்போது, செவிலியர் பதில் சொல்லுமுன் வாசலில் நிற்கும் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.